மனநல மருத்துவராவது எப்படி: பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து எம்.டி. வரை

மனநலப் புறநோயாளிப் பிரிவில் நண்பகல் தாண்டிக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வாசல்வரை போன தாயோ தந்தையோ திரும்பி வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சின்னவ சைக்காலஜி படிக்கணும்ங்கறா டாக்டர், அதப் படிச்சா உங்கள மாதிரி ஆயிடலாமா?" ஆக முடியாது என்பதே விடை. ஆனால் அந்த விடையைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். பி.எஸ்சி. உளவியல் முடித்த ஒரு பெண், எம்.டி. மனநல மருத்துவத்துக்கு எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். மேல்நிலையில் அவள் எடுத்திருந்தது வணிகவியல். நல்ல மதிப்பெண், நல்ல மனம், மூன்று ஆண்டு உழைப்பு எல்லாம் இருந்தும் அவள் நின்றிருந்த சாலை வேறு ஊருக்குப் போகும் சாலையாக இருந்தது. அவளைப் போன்றவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் எண்ணியே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

மனநல மருத்துவர் என்பவர் முதலில் எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர், அதன்மேல் மனநல மருத்துவத்தில் பட்ட மேற்படிப்போ பட்டயமோ பெற்றவர். நோயைக் கண்டறிவது, மருந்து எழுதுவது, உள்நோயாளியாகச் சேர்ப்பது, மின்னதிர்வு சிகிச்சை அளிப்பது ஆகியவை அவருடைய பொறுப்புகள். மருத்துவ உளவியலாளர் உளவியலில் பட்டமும் மேற்படிப்பும் முடித்து, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவர். உளவியல் சோதனைகளும் உளச்சிகிச்சையும் அவருடைய துறை. மருந்து எழுத அவருக்கு அனுமதி இல்லை. மனநல சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் ஆகியோருக்கும் தனித்தனிப் படிப்புகள் உள்ளன. இவற்றுள் எதுவும் மற்றொன்றுக்குத் தாழ்ந்தது அன்று. மனிதர்களோடு பேசிப் பேசியே குணப்படுத்த விரும்பும் பிள்ளைக்கு மருத்துவ உளவியல்தான் பொருத்தமான வழி என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இனி எழுதப்போவது மருத்துவராகும் வழியைப் பற்றி மட்டுமே.

மனத்துக்கு மருத்துவம் பார்க்க உடம்பை ஏன் ஐந்தரை ஆண்டு படிக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பது நியாயமே. ஆறு மாதமாகச் சோர்ந்து, எதிலும் பற்றின்றி, உடல் பெருத்து வரும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு மனச்சோர்வு நோய் இருக்கலாம். தைராய்டு சுரப்பு குறைந்தும் இருக்கலாம். முந்தாநாள்வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த முதியவர் நேற்றிரவு முதல் மகனையே அடையாளம் தெரியாமல் பிதற்றுகிறார் என்றால், மனநோய் என்று எண்ணும் முன் சிறுநீர்த் தொற்றையும் இரத்தத்தில் சோடியம் அளவையும் பார்க்க வேண்டும். மருந்துகளும் அப்படித்தான். மிகை எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருந்தால் பலன் தரும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். சித்திரை வெயிலில் களையெடுத்து வேர்த்து விறுவிறுத்து, மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் ஒரு வலி மாத்திரையும் வாங்கி விழுங்கும் ஒருவருக்கு அந்த அளவு தானாகவே ஏறிவிடும். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோயில் வேறு எந்த மருந்துக்கும் மசியாதவர்களுக்குக் கொடுக்கப்படும் க்ளோசபின் வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சிறுநீரகமும் இரத்தமும் இதயத் துடிப்பும் தெரியாத ஒருவர் கையில் இந்த மருந்துகளைக் கொடுக்க முடியாது.

பள்ளியும் நீட் தேர்வும்

பத்தாம் வகுப்பு முடிந்ததும் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் உள்ள பிரிவை எடுக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக உள்ள பிரிவும் சரியே, கணிதம் கட்டாயமில்லை. இந்த மூன்று பாடங்களிலும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 50 விழுக்காடும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் நாள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு இப்போது இல்லை. மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றை எடுக்காமல் போனவர்கள் அவற்றைக் கூடுதல் பாடங்களாகப் பின்னர் எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்தது. மேலே சொன்ன பெண்ணுக்கும் நான் சொன்ன செய்தி இதுதான்.

இளநிலை நீட் 720 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. 180 கேள்விகளில் பாதி, அதாவது 90, உயிரியலில் இருந்தே வரும். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழியும். தமிழிலும் எழுதலாம். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மீதம் மாநிலத் தேர்வுக் குழுவின் கலந்தாய்வில், 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி நிரப்பப்படுகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. இதன் பலனை நான் வார்டில் நேரில் பார்க்கிறேன். கிராமத்து அரசுப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள், நோயாளி "ஒடம்பெல்லாம் ஒரே ஓச்சலா கெடக்கு" என்றால் அதை இன்னொரு முறை கேட்க வேண்டிய தேவையில்லாமல் புரிந்துகொள்கிறார்கள்.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க நினைப்பவர்களும் நீட்டில் தேறியே ஆக வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கே குறைந்தது 54 மாதம் ஆங்கில வழியில் படித்து, 12 மாதம் அங்கேயே பயிற்சி முடித்து, இங்கு வந்து தகுதித் தேர்வில் 300-க்கு 150 பெற்று, மறுபடியும் 12 மாதம் இங்கே பயிற்சி செய்ய வேண்டும். முகவர்கள் இந்தக் கணக்கை முழுதாகச் சொல்வதில்லை. பணம் கட்டும் முன் பெற்றோர் இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளட்டும்.

எம்.பி.பி.எஸ். காலம்

படிப்பு நாலரை ஆண்டு, அதன்பின் ஓராண்டு கட்டாயச் சுழற்சிப் பயிற்சி. ஹவுஸ் சர்ஜன் என்று நாம் அழைப்பது அந்த ஓராண்டில் இருப்பவர்களைத்தான். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியலில் தொடங்கி, நோய்க்குறியியல், மருந்தியல் வழியாகப் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் என்று படிப்பு விரியும். மனநல மருத்துவத்துக்குத் தனித் தேர்வுத்தாள் கிடையாது. பொது மருத்துவத் தாளுக்குள் சில கேள்விகளாக அது அடங்கிவிடும். இந்தத் துறையின் மேல் நாட்டம் உள்ள மாணவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இதுவே, ஏனென்றால் தேர்வில் மதிப்பெண் குறைவாக உள்ள பாடத்தை எவரும் கற்றுத்தரவும் கேட்டு வாங்கவும் மறந்துவிடுகிறார்கள்.

மனநல வார்டுக்கு அனுப்பப்படும் சில வாரங்களில் வகுப்பைத் தட்டிக்கழித்து நூலகத்துக்குப் போகாதீர்கள். ஒரு நோயாளியைத் தேர்ந்துகொண்டு, அவர் சேர்ந்த நாள் முதல் வீடு திரும்பும் நாள்வரை நாள்தோறும் பத்து நிமிடம் அருகில் அமர்ந்து பேசுங்கள். சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் மூன்றாம் வாரத்தில் "சாப்டீங்களா?" என்று உங்களை விசாரிப்பதை ஒரு முறை பார்த்தவர்களுக்கு, இந்தத் துறையில் யாரும் தேறி வருவதில்லை என்ற பொய் அதன்பிறகு காதில் ஏறாது. ஹவுஸ் சர்ஜன் பயிற்சியிலும் மனநலப் பிரிவில் இரண்டு வாரம் கட்டாயம். அந்த இரண்டு வாரத்தில் அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வரும் அழைப்புகளுக்கு மூத்தவரோடு கூடவே போங்கள். குடியை நிறுத்திய மூன்றாம் நாள் கை நடுங்கி, இல்லாத பூச்சியைப் போர்வையில் தேடுகிறவரை அங்கேதான் பார்ப்பீர்கள்.

துறையைத் தேர்ந்தெடுக்கும் போது வீட்டில் எதிர்ப்பு வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. 1794-இல் தொடங்கிய வரலாறு கொண்ட, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கடைசிப் புகலிடமாக இருந்த, அங்குள்ள அரசு மனநல மருத்துவமனையின் பெயரை நாம் கேலிக்குப் பயன்படுத்துகிறோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம். அந்த மருத்துவமனைக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்த மருத்துவர் சாரதா மேனன் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1984-இல் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அறக்கட்டளையான ஸ்கார்ஃபைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர். 1992-இல் பத்மபூஷண் பெற்றவர். "பைத்தியக்கார டாக்டர்னு சொல்வாங்களே" என்று கலங்கும் பெற்றோரிடம் நான் அவரைப் பற்றித்தான் பேசுவேன்.

பட்ட மேற்படிப்பில் இடம் பெறுவது

மூன்று வகைத் தகுதிகள் உள்ளன. எம்.டி. மனநல மருத்துவம் மூன்று ஆண்டு. தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி.யும் மூன்று ஆண்டு, டி.பி.எம். என்னும் பட்டயம் இரண்டு ஆண்டு. பட்டய இடங்கள் பல எம்.டி. இடங்களாக மாற்றப்பட்டுவிட்டதால் இப்போது அவை குறைவு. பட்டயம் முடித்தவர்கள் மேலும் இரண்டு ஆண்டு படித்து டி.என்.பி. பெற முடியும். மூவருமே சட்டப்படி மனநல மருத்துவர்கள்தாம். மருத்துவக் கல்லூரி ஆசிரியராகும் எண்ணம் உள்ளவர்கள் எம்.டி. அல்லது டி.என்.பி.யைக் குறிவைப்பது நல்லது.

நுழைவாயில் முதுநிலை நீட். 200 கேள்விகள், 800 மதிப்பெண். எம்.பி.பி.எஸ்.ஸின் 19 பாடங்களும் அதில் வரும். மனநல மருத்துவத்திலிருந்து விரல்விட்டு எண்ணத்தக்க கேள்விகளே வரும். எனவே மனநல மருத்துவராக விரும்புகிறவர் மகப்பேறும் எலும்பும் கண்ணும் படித்துத்தான் இங்கே வந்து சேர முடியும். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்தியக் கலந்தாய்வுக்கும் பாதி மாநிலக் கலந்தாய்வுக்கும் உரியவை. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்கள் முழுவதும் மத்தியக் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி ஒதுக்கீடு உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்ததும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசுப் பணியில் சேர்ந்து, கிராமத்தில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு, அந்த வழியில் மனநல மருத்துவத்துக்கு வந்தவர்கள் என்னுடன் படித்தார்கள். வயதில் எங்களுக்கு மூத்தவர்கள். நோயாளியோடு பேசத் தொடங்கினால் எங்களைவிட ஐந்து ஆண்டு முன்னே இருந்தார்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ், புதுச்சேரி ஜிப்மர், எய்ம்ஸ், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனம் ஆகியவற்றில் சேர ஐ.என்.ஐ.-சி.இ.டி. என்ற தனித் தேர்வு ஆண்டுக்கு இரு முறை, ஜனவரி, ஜூலை சேர்க்கைகளுக்காக நடக்கிறது. பதினேழு வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்து எங்கும் தடங்கல் இல்லாமல் போனால் எம்.டி. முடிக்கும்போது ஏறத்தாழ இருபத்தாறு வயது ஆகியிருக்கும். நீட்டுக்கு இரண்டு முறை முயன்றவர்களே மிகுதி என்பதால், இருபத்தெட்டு, முப்பது என்று வைத்துக் கணக்கிடுவது குடும்பத்துக்கும் கடனுக்கும் நல்லது.

எந்தக் கல்லூரி என்பதைத் தரவரிசை எண் தீர்மானித்தாலும், விருப்பப் பட்டியலை நிரப்பும் முன் அங்கே படிக்கும் இரண்டாம் ஆண்டு பி.ஜி. (பட்ட மேற்படிப்பு மாணவர்) ஒருவரிடம் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். உள்நோயாளிப் படுக்கைகள் எத்தனை, பெண்கள் வார்டு தனியாக உண்டா, குழந்தைகள் மனநலப் பிரிவும் போதை மீட்புப் பிரிவும் உண்டா, துறையில் மருத்துவ உளவியலாளரும் சமூகப் பணியாளரும் முழுநேரமாக இருக்கிறார்களா, பேராசிரியர் வாரத்துக்கு எத்தனை நாள் நோயாளியின் அருகில் நின்று பாடம் நடத்துகிறார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் எனக்கு முக்கியமானது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் போன்ற பெரிய நிறுவனத்தில் கடுமையான மனநோய்களை, அவற்றின் எல்லா வடிவங்களிலும் பார்க்கலாம். பொது மருத்துவமனையோடு சேர்ந்த மனநலத் துறையில் மனச்சோர்வு, பதற்ற நோய், குடிநோய், விஷம் அருந்தி மருத்துவ வார்டில் பிழைத்தெழுந்தவர்கள், அறுவை சிகிச்சைக்குப் பின் குழம்பிப்போனவர்கள் என்று வேறு உலகம். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் 1957 முதலே நோயாளியோடு குடும்பத்தினர் ஒருவரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கேற்கும் முறை இருக்கிறது; குடும்பத்தோடு சேர்ந்து பணியாற்றக் கற்க விரும்புகிறவர்களுக்கு அது மிக நல்ல பள்ளி. எங்கே சேர்ந்தாலும் இல்லாத பகுதியை வேறு இடத்துக்குப் போய்ப் பார்த்துவர அனுமதி கேளுங்கள்.

எம்.டி.யின் மூன்று ஆண்டுகள்

முதல் ஆறு மாதமும் கேஸ் எழுதப் பழகுவதிலேயே போகும், போக வேண்டும். வேறு துறைகளில் எக்ஸ்ரேயும் இரத்தமும் சொல்வதை இங்கே பேச்சு சொல்கிறது. ஆகவே நோயாளி சொன்னதை நோயாளியின் சொல்லிலேயே எழுத வேண்டும் என்பது முதல் விதி. நான் பி.ஜி.யாகச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு கேஸ் ஷீட்டில் "மனச்சோர்வு மூன்று மாதமாக" என்று ஆங்கிலத்தில் எழுதி எடுத்துப் போனேன். எங்கள் யூனிட்டின் சீஃப் அதைப் படித்துவிட்டு, "அந்த அம்மா இந்த வார்த்தையையா சொன்னாங்க?" என்று கேட்டார். அந்த அம்மா சொன்னது, "நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு, சோறு மண்ணு மாதிரி இருக்கு, பேரன் வந்து மடியில ஏறுனாலும் ஒண்ணும் தோணல" என்பது. அதைத் தமிழிலேயே எழுதச் சொன்னார் சீஃப். எழுதிப் பார்த்தபோதுதான் அந்த ஒரு வாக்கியத்தில் பசியின்மையும், மகிழ்ச்சியை உணர முடியாமையும், உடல் வழியாக வெளிப்படும் துயரமும் தனித்தனியாகத் தெரிந்தன. அந்தச் சொற்களை நான் அன்றைக்குத் தூக்கிப்போட்டிருந்தால் பாதி நோயைத் தூக்கிப்போட்டவனாயிருப்பேன்.

காலக் கணக்கும் அப்படித்தான். மனச்சிதைவு நோய் என்று சொல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 வகைப்பாடு அறிகுறிகள் ஒரு மாதமாவது இருக்க வேண்டும் என்கிறது, அமெரிக்க டி.எஸ்.எம்.-5 ஆறு மாதம் கேட்கிறது. உங்கள் முன் மஞ்சள் பை நிறைய பழைய சீட்டுகளோடு அமர்ந்திருக்கும் தாய் மாதக் கணக்கில் சொல்லமாட்டார். "பெரியவ கல்யாணத்துக்கு முந்தியே கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்தான், அப்புறம் பொங்கலுக்கு நல்லாத்தான் கரும்பு வாங்கிட்டு வந்தான்" என்பார். கல்யாணம் ஆவணியா, தையா என்று விசாரித்து, இடையில் அவன் தெளிவாக இருந்த நாட்களைக் குறித்து, தாளில் ஒரு கோடு போட்டு ஏற்ற இறக்கத்தை வரைய வேண்டும். அந்தக் கோடு தொடர்ந்து இறங்குகிறதா, இடையில் சமன் பெற்று மீண்டும் எழுகிறதா என்பதைப் பொறுத்தே மனச்சிதைவா இருதுருவ நோயா என்ற முடிவும், லித்தியமா வேறு மருந்தா என்ற முடிவும் வரும்.

மனநிலைப் பரிசோதனை என்பது தோற்றம், பேச்சு, உணர்வு நிலை, எண்ணம், புலனுணர்வு, அறிவாற்றல், தன் நோயைத் தான் உணர்ந்திருத்தல் என்ற வரிசையில் செல்லும். பாடநூலில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். பள்ளிக்கே போகாத பாட்டியிடம் அதைக் கேட்டுவிட்டு, "கவனம் குறைவு" என்று எழுதுவது பெரும் பிழை. ஐம்பது ரூபாய் கொடுத்துப் பதினெட்டு ரூபாய்க்குத் தக்காளி வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். நமக்கு முன்னால் சொல்லிவிடுவார். பொதுமைப்படுத்திச் சிந்திக்கும் ஆற்றலை அறியப் பழமொழிக்குப் பொருள் கேட்பது வழக்கம். "யானைக்கும் அடி சறுக்கும்" என்றால் என்ன என்று கேட்டதற்கு, "மழை பெஞ்சா வழுக்கும்ல, அதான்" என்று ஓர் இளைஞன் முழு அக்கறையோடு பதில் சொன்னான். அவன் நோய் அவன் சிந்தனையை எவ்வளவு தூரம் இறுக்கியிருந்தது என்பதை வேறெதையும்விட அந்த விடை எனக்குக் காட்டியது.

"செய்வினை வெச்சுட்டாங்க" என்று ஒருவர் சொன்னால் அது நோயின் அறிகுறியா, ஊரே நம்பும் நம்பிக்கையா என்று பிரித்தறிவதும் பயிற்சியால் வருவது. குடும்பம் முழுவதும் அதையே சொல்லி, மந்திரித்த பின் அவர்கள் ஆறுதல் அடைந்து, இவர் மட்டும் ஒவ்வொரு அண்டை வீட்டாரின் இருமலிலும் அந்தச் செய்வினையைக் கேட்டுக்கொண்டிருந்தால், அப்போது நாம் யோசிக்கத் தொடங்குகிறோம். திருச்சி அருகே குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கிவிட்டு எங்களிடம் வருபவர்கள் உண்டு. அவர்களிடம் கோயிலைப் பழித்துப் பேசிய மருத்துவரிடம் அவர்கள் இரண்டாம் முறை வந்ததை நான் பார்த்ததில்லை. கோயிலுக்கும் போங்கள், மாத்திரையையும் விடாதீர்கள் என்று சொல்லத் தெரிந்தவர்களிடம் ஆண்டுக்கணக்கில் வருகிறார்கள்.

இவற்றோடு நரம்பியல், குழந்தை மனநலம், முதியோர் மனநலம், போதை மீட்பு, சிறை மற்றும் நீதிமன்றம் சார்ந்த மனநலம் ஆகிய பிரிவுகளில் சுழற்சிப் பணி இருக்கும். மூன்று, நான்கு, ஐந்தாம் அரையாண்டுப் பருவங்களில் ஏதேனும் ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றியாக வேண்டும். மின்னதிர்வு சிகிச்சையை மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடுத்து முறையாகச் செய்யக் கற்பிப்பார்கள். திரைப்படங்கள் விதைத்த அச்சத்தோடு வரும் உறவினருக்கு அதை அமைதியாக விளக்கவும் அப்போதே பழக வேண்டும். உளச்சிகிச்சைப் பயிற்சி பல இடங்களில் போதிய அளவு கிடைப்பதில்லை என்பது என் கணிப்பு. நாளொன்றுக்கு நூற்றைம்பது பேர் வரும் ஓ.பி.யில் ஒருவரோடு முக்கால் மணிநேரம் அமர முடியாது. அதனால் மாலையில் வாரம் ஒரு மணிநேரமாவது ஒதுக்கி, ஒரே நோயாளியை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்து, அந்த உரையாடலை மருத்துவ உளவியலாளரிடமோ மூத்த மருத்துவரிடமோ எடுத்துச் சென்று பேசுங்கள். கேட்காமல் யாரும் இதை ஏற்பாடு செய்து தரமாட்டார்கள்.

சட்டம் படிப்பின் ஓர் உறுப்பு என்பதையும் மறக்கலாகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்ப வழியின்றி இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதையும் மயக்க மருந்தில்லாத மின்னதிர்வு சிகிச்சையையும் தடை செய்கிறது. தாமே விரும்பிச் சேர்பவருக்கு 86-ஆம் பிரிவு. தம் நிலையை உணர முடியாதவரை அவருடைய நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில் 30 நாள்வரை சேர்க்க 89-ஆம் பிரிவு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்பது 115-ஆம் பிரிவு. தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்பவர்கள் மறந்துபோகிறார்கள். ஏர்வாடியை நினைவில் வைத்துப் படித்தவர்கள் மறப்பதில்லை.

முதல் ஆண்டிலேயே ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்று, இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்னதாக ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். உங்கள் ஓ.பி.யில் இயல்பாகக் கிடைக்கும் நோயாளிகளை வைத்து முடிக்கக்கூடிய தலைப்பாக எடுங்கள். இறுதித் தேர்வில் நான்கு எழுத்துத் தாள்களும், நோயாளியை நேரில் பரிசோதித்து விளக்கும் செய்முறைத் தேர்வும், வாய்மொழித் தேர்வும் இருக்கும்.

பயிற்சிக்காலத்தில் யாரும் பாடமாக நடத்தாத ஒன்றையும் எழுதியாக வேண்டும். உங்கள் சிகிச்சையில் இருக்கும் ஒருவர் என்றேனும் தற்கொலையால் இறந்துபோவார். எனக்கு அது இரண்டாம் ஆண்டில் நடந்தது. முந்தைய வாரம்தான் "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லி, அடுத்த தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிப் போனவர். அந்தச் சீட்டில் இருந்த என் கையெழுத்தை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சீனியர் ஒருவர் அன்று மாலை டியூட்டி அறையில் என்னோடு அமர்ந்து, கேஸ் ஷீட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்து, எங்கே என்ன தெரிந்திருக்கக் கூடும், எது தெரிய வழியில்லை என்று பிரித்துக் காட்டினார். பிறகு அந்தக் குடும்பத்தைப் பார்க்க என்னோடு வந்தார். அப்படி ஒருவர் உங்கள் துறையில் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் ஜூனியருக்கு நீங்கள் அப்படி இருங்கள். தூக்கம் கெட்டு, நோயாளிகளின் மீது எரிச்சல் வரத் தொடங்கினால், வேறு மருத்துவமனையில் உள்ள மனநல மருத்துவர் ஒருவரை நோயாளியாகவே போய்ப் பாருங்கள். நள்ளிரவில் யாரும் கிடைக்காதபோது பொதுமக்களுக்கு நாம் கொடுக்கும் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416 மருத்துவருக்கும் உரியதுதான்.

பட்டம் பெற்ற பிறகு

எம்.டி. சான்றிதழ் கைக்கு வந்ததும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் அதைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய வேண்டும். இதைத் தள்ளிப்போட்டு, வேலைக்கான நேர்காணல் நாளில் அலைபவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். அரசுக் கல்லூரியில் படித்தவர்கள் ஒப்பந்தப்படி அரசுப் பணி செய்ய வேண்டியிருக்கும். மேலும் படிக்க விரும்பினால் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினர் மனநலம், போதை நோய் மருத்துவம், முதியோர் மனநலம் ஆகியவற்றில் மூன்றாண்டு டி.எம். படிப்புகள் நாட்டின் சில நிறுவனங்களில் உள்ளன. முதல் இரண்டும் நிம்ஹான்ஸிலேயே கிடைக்கின்றன. பிரிட்டனுக்குச் செல்பவர்கள் எம்.ஆர்.சி.சைக். தேர்வின் இரண்டு எழுத்துத் தாள்களையும் செய்முறைத் தேர்வையும் முடிக்க வேண்டும், அமெரிக்காவில் யு.எஸ்.எம்.எல்.இ. தேறி, நான்காண்டு ரெசிடென்சி செய்ய வேண்டும். எம்.டி. இங்கே முடித்திருந்தாலும் அந்த நான்கு ஆண்டு பொதுவாகக் குறைவதில்லை என்பதால், அமெரிக்காதான் இலக்கு என்று முதலிலேயே தெளிவாக இருப்பவர்கள் எம்.பி.பி.எஸ். முடிந்ததும் செல்வதே காலத்துக்குச் சிக்கனம்.

இங்கேயே இருக்க முடிவு செய்பவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டத்தில் ஓரிரு ஆண்டு பணியாற்றுவதை நான் வற்புறுத்திச் சொல்வேன். நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறோம். வாரத்தில் ஒரு நாள் வட்டத் தலைநகர் மருத்துவமனைக்கு ஜீப்பில் போய் இறங்கினால், மாதம் ஒரு முறை மாத்திரை வாங்க மூன்று பேருந்து மாறி நகரத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி 40 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்புள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளி சான்று வழங்குவதும் உங்கள் வேலையாக இருக்கும். அதற்கான ஐடியாஸ் அளவுகோலில் தன்னைத் தான் கவனித்துக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை என்று நான்கு தலைப்புகள் உள்ளன. அந்தப் படிவத்தை அவசரமாக நிரப்பாமல், "காலைல எழுந்திரிச்சதும் என்ன செய்வாரு, அவரா குளிப்பாரா, சொல்லணுமா?" என்று தொடங்கி, கூட வந்தவரிடம் ஒரு முழு நாளின் கதையைக் கேட்டு எழுதுங்கள்.